பிள்ளைக்குத் தெரியும்

மற்றவரிடம் கேட்ட கேள்விக்குத் தான் பதில் சொல்வது அந்த அக்காவின் பழக்கம். முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவருபவன் பக்கத்துக் கொட்டில்காரரிடம் எத்தனை வாளி என்று கேட்டால், அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும் அக்கா நிமிராமலே "ரெண்டு" என்பார். ஒருமுறை மருந்து கொடுக்க வந்த டாக்டர் வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் எங்கே நோகிறது என்று கேட்டார். நாலு பேருக்குப் பின்னால் நின்ற அக்கா, "முழங்கால்ல சேர், வலது முழங்கால், குந்தி எழும்பக்குள்ள கூட" என்றார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஓம், அவ சொல்றது சரி" என்றாள்.

ஊர்ப் புதினமும் வம்பும் தேடுகிற வாய் அல்ல அது. பதில் வராமல் ஒரு கேள்வி நிற்பதை அக்காவால் தாங்க முடியாது. அதற்குக் காரணம் மகள். பிள்ளையிடம் யாராவது எதையாவது கேட்டால் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன் அக்கா சொல்லிவிடுவார். பேர் என்ன என்றால் பேர். வயது என்ன என்றால் ஏழு. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டா. "பிள்ளைக்குத் தெரியும், ஆனா வெக்கம்" என்று கடைசியில் ஒன்று சேர்த்துக்கொள்வார். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வாய் என்று முகாமில் சிரிப்பார்கள். அக்காவின் காதில் விழும்படிதான் சொல்வார்கள். அவரும் சிரிப்பார். "ஒரு வாய் எண்டாலும் வேலை செய்யிற வாய்கா" என்பார்.

நான் அந்த முகாமுக்குப் போனது கூரை போட. எனக்கு ஊர் கரடியனாறு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அந்த வருடம் எங்கள் பக்கம் ஆசிரியர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள், நான் ஏறாவூருக்கு ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனேன். பிறகு ஓட்டமாவடியில் மரம் அரியும் இடம், பிறகு காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக் கிடங்கு. எந்த இடத்திலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கடல் வந்த அன்று கிடங்கின் மேல்தட்டில் துணிப்பொதிகளின் மேல் படுத்திருந்தேன், அதனால் இருக்கிறேன். அடுத்த கிழமை முதல் மூன்று கிழமை பிணம் தூக்கும் வேலை. அதற்குப் பிறகு கொட்டில் அடிக்கும் வேலை. கரையோரம் முழுக்க பலகையும் தகரமும் வந்து குவிந்திருந்த காலம். சுத்தியல் பிடிக்கத் தெரிந்த எவனுக்கும் வேலை இருந்தது.

அக்காவின் வீடு கல்லடிக்கு அப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் துண்டில் இருந்தது. கணவர் கரைவலைக்காரர். அவரும் மூத்த பெண்ணும் போய்விட்டார்கள். அக்காவைப் பனை மரம் ஒன்று பிடித்து வைத்துக்கொண்டது. சின்னவளை அலை வாவிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட, தோணிக்காரர் ஒருவர் தூக்கி, நகரத்தில் ஒரு கோயிலில் கூடியிருந்த சனத்தோடு விட்டிருக்கிறார். நாலு நாள் அவள் அங்கே இருந்தாள். பேர் கேட்டிருக்கிறார்கள், அப்பா பேர் கேட்டிருக்கிறார்கள், எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. எழுதிய பெடியன் பட்டியலில் "பெண், ஆறோ ஏழோ வயது, ஊமை" என்று போட்டிருந்தான். அந்தப் பட்டியலை இரண்டாம் நாளே அக்காவுக்கு ஒருவர் வாசித்துக் காட்டியிருக்கிறார். என்ட பிள்ளை ஊமை இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த முகாமுக்குத் தேடப் போய்விட்டார். நாலாம் நாள்தான் திரும்பி வந்து கண்டது.

இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அழவில்லை. பேர் சொல்லத் தெரிந்திருந்தால் இரண்டு நாள் மிச்சம் என்றார்.

அதற்குப் பிறகு பாடம் தொடங்கியது. காலையில் முகம் கழுவியதும் பிள்ளையை முன்னால் இருத்தி, பேர், அப்பா பேர், அம்மா பேர், ஊர், கொட்டில் இலக்கம். அதை முடித்துக்கொண்டு ஒன்று முதல் நூறு வரை. முகாம் முழுக்கக் கேட்கும். பக்கத்தில் தேவாரம் படிக்கும் வீடும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கும், அநேகமாக அக்காவின் வீடுதான் பிந்தி முடியும். பிள்ளை இடையில் நின்றால் மறுபடி ஒன்றிலிருந்து. அறுபதுகளில் எப்போதும் தடுக்கும். தடுக்கினால் அக்கா கன்னத்தில் அடிக்கமாட்டார், தன் தொடையில்தான் அடித்துக்கொள்வார். அதைப் பார்த்தால் பிள்ளை கெதியாகத் தொடங்கிவிடுவாள்.

பிள்ளை ஊமை இல்லை, உண்மைதான். காதும் கேட்டது. ஆனால் மூன்று சொல்லைச் சேர்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை. தண்ணி, மீன், போ, அம்மா. இருக்கிற சொல்லும் இடம் மாறி வரும். மேலே கிடப்பதைக் கீழே என்பாள். நேற்று நடந்ததை நாளைக்கு என்பாள். கூட, குறைய என்ற இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். மற்றப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று, உனக்கு எத்தனை கை என்று கேட்டுச் சிரிக்கும். அவள் "பத்து" என்பாள், அல்லது "நாலு" என்பாள். அக்கா எங்கிருந்தாவது, "ரெண்டு" என்று கத்துவார்.

அந்தக் கொட்டில்களுக்கு இலக்கம் போட்டது நான். தாரில் துணி சுற்றிய குச்சியைத் தோய்த்து எழுதினேன். நூற்றுக்கு மேற்பட்ட கொட்டில், எல்லாம் ஒரே தகரம், ஒரே கதவு. பெரியவர்களே வீடு மாறிப் போய் அடுத்தவர் பாயில் குந்திவிடுவார்கள். இந்தப் பிள்ளை ஒரு நாளும் மாறவில்லை. எந்தப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டாலும் நேராகத் தன் கொட்டிலுக்கு வந்துவிடுவாள். இலக்கம் என்ன என்று கேட்டால் ஒன்று, இரண்டு என்று தொடங்குவாள்.

ஒரு நாள் நான் ஏணியில் நின்று தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அவள் கீழே ஆணிப்பெட்டியோடு இருந்தாள். தகரத்தில் ஓட்டை போடும் இடங்களைக் கரியால் முதலே குறித்து, தகரங்களை நிலத்தில் பரப்பி வைத்திருந்தேன். நான் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது ஒவ்வொரு தகரத்தின் தலைமாட்டிலும் ஆணி கிடந்தது. சில தகரத்துக்கு ஆறு அடையாளம், ஓரத்துத் தகரத்துக்கு ஒன்பது, வெட்டிய துண்டுக்கு நாலு. ஆணியும் அப்படியே கிடந்தது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. நான் ஒரு தகரத்தில் இரண்டு அடையாளத்தை அழித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் வந்து இரண்டு ஆணியை எடுத்துப் பெட்டியில் போட்டாள். எத்தனை எடுத்தாய் என்று கேட்டேன். "எட்டு" என்றாள்.

இதைப் போய் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு இது புதினம் இல்லை. அப்போது அவர் வாவிக் கரையில் இறாலும் சின்ன மீனும் வாங்கி, கல்லடிப் பக்கம் சாக்கை விரித்துக் கூறு வைத்து விற்கத் தொடங்கியிருந்தார். கூறு வைப்பது மகள்தான். பெரிய மீன் ஒன்று இருக்கிற கூறில் சின்னது குறைவாக இருக்கும், பெரியது இல்லாத கூறில் சின்னது ஏறியிருக்கும். எண்ணிக்கை ஒன்றாக இருக்காது, ஆனால் எந்தக் கூறை எடுத்தாலும் சரியாக இருக்கும். மீன் வாங்க வரும் பெண்கள் கூறுகளைக் கிண்டி, இதிலிருந்து ஒன்றை எடுத்து அதில் போடு என்று சண்டை பிடிப்பது வழக்கம். இந்தச் சாக்கில் அந்தச் சண்டை இல்லை.

"கூறு வெக்கிறதப் பாத்து பள்ளிக்கூடத்தில சேப்பாங்களா தம்பி?" என்றார் அக்கா. "அவங்க வாயால கேப்பாங்க. வாயாலதான் சொல்லணும்."

அதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். கடலுக்கு முன் அவள் ஒரு வருடம் போயிருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. புதிதாகச் சேர்க்கப் போன இடத்தில் அதிபர் பிள்ளையுடன் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து சோதித்துச் சொன்னால் எடுக்கிறேன், இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்த ஏலாது என்று சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஒரு வகுப்பில் இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தார்கள், கதிரை இல்லாமல் பாதிப்பேர் நிலத்தில்.

சோதிக்க வருகிற நாள் தெரிந்ததும் அக்கா பாடத்தை இரண்டு வேளையாக்கினார். பிள்ளை இப்போது அறுபதுகளில் தடுக்குவதில்லை. மூச்சு விடாமல் நூறு வரை போனாள். ஒருவர் இடையில் பேசினாலும் நிறுத்தக் கூடாது என்று அதற்கும் பழக்கினார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று ஏதாவது பேசச் சொன்னார். நான் பேசினேன். நாய் குரைத்தது. பிள்ளை நிற்கவில்லை. அக்கா அன்று என் கையில் பொரித்த மீன் வைத்துத் தந்தார்.

சோதனை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆம்பிளை ஒருவர் கூட இருந்தால் மரியாதை என்று நினைத்தார். நான் சேர்ட்டைக் கழுவிப் போட்டிருந்தேன். கந்தோர்க்காரர் என் வயதுதான் இருப்பார், மெதுவாகப் பேசினார். மேசையில் புளியங்கொட்டை ஏழு வைத்து, "இதில எத்தினை இருக்கு மகள்?" என்று கேட்டார்.

பிள்ளை கொட்டையைப் பார்க்கவில்லை. ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று தொடங்கினாள். ஏழைக் கடந்தாள். பத்தைக் கடந்தாள். அவர் சரி போதும் என்றார். அவள் இருபதுக்குள் போனாள். அவர் கையைக் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. அவ்வளவு சந்தோசமான முகத்தை அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நூறு வந்ததும் பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள்.

கந்தோர்க்காரர் மூன்று கொட்டையை எடுத்துவிட்டு, இப்போது எத்தனை மிச்சம் என்றார். பிள்ளை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். அம்மா உனக்கு எட்டு மாம்பழம் தந்தா, நீ மூண்டு சாப்பிட்டா, எத்தினை மிச்சம் என்று கேட்டார். அக்கா, "அஞ்சு சேர்" என்றார். அம்மா வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் சொன்னார். பிள்ளை அம்மாவையும் அவரையும் பார்த்தாள். அவள் முகத்தில் எதைக் கேட்கிறார்கள் என்ற தேடல் வந்து போனது. பிறகு, தெரிந்ததைச் சொன்னாள். ஒன்று, இரண்டு.

அப்போது நான் எழுந்து, சேர், அந்தக் கொட்டையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள், நாலு பேருக்குப் பங்கு வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய வசனம் முழுவதும் என் வாயில் இருந்தது. கதவோரம் நின்றேன். ஆறாம் வகுப்புப் படித்தவன் கல்விக் கந்தோர்க்காரருக்கு என்னத்தைச் சொல்வது என்று நின்றேன். அவர் ஒரு தாளில் எழுதி மடித்து அதிபரிடம் கொடுத்தார். எண்ணறிவு இல்லை, சாதாரண வகுப்புக்குத் தகுதியில்லை, விசேட வகுப்புக்கு அனுப்பலாம். விசேட வகுப்பு எங்கே இருக்கிறது என்று அக்கா கேட்டார். இந்தப் பக்கத்தில் இல்லை என்றார் அதிபர்.

முகாமுக்குத் திரும்பி வரும்போது அக்கா ஒரே கேள்வியைத்தான் கேட்டார். நூறு வரைக்கும் பிழையில்லாமல் சொன்னாளே, பிறகு என்ன. நான் விளக்கப் பார்த்தேன். எனக்கே அது சரியாகத் தெரியாது.

அது தெரிந்த ஒருவரைப் பிறகுதான் கண்டேன். நகரத்தில் பறங்கியர் வீடு ஒன்றில் வெள்ளம் தின்ற கதவு நிலைகளை மாற்றப் போயிருந்தேன். அந்த வீட்டு மிஸ் முன்பு காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர், அப்போது ஓய்வில் இருந்தார். வேலை செய்துகொண்டே இந்தப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். அவர் வாசித்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஆணிக் கதையை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, சொல் பிந்தி வருகிற பிள்ளைகள் பலருக்கு இப்படித்தான் என்றார். அவர்களுக்கு எண்களின் வரிசை ஒரு பாட்டு. எங்கே நிறுத்துகிறோமோ அந்தச் சொல்தான் கணக்கு என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தானாகப் பிடிபடும், இவர்களுக்குப் பிடிபடாது. கையும் கண்ணும் அளவைப் பிடித்திருக்கும், சொல் அதோடு ஒட்டியிருக்காது.

"பாட்ட நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார். "மூண்டுக்கு மேல போக வேணாம். மூண்டு இறால கையில குடுத்து, மூண்டு எண்டு மட்டும் சொல்லச் சொல்லுங்க. பிள்ளை தானா சொல்லுமட்டும் தாய் பொறுத்திருக்கணும். அதுதான் பெரிய வேலை."

அதிபரை அவருக்குத் தெரியும். தான் வந்து மறுபடி சோதித்து எழுதித் தருவதாகவும், தன் தாளை அதிபர் தட்டமாட்டார் என்றும் சொன்னார். ஆறு கிழமை கேட்டார்.

அந்த ஆறு கிழமை அக்கா பட்ட பாட்டை முகாமில் எல்லாரும் பார்த்தார்கள். வாயை அடக்க வெற்றிலை போடத் தொடங்கினார். பிள்ளையிடம் யாராவது கேள்வி கேட்டால், மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அவசரமாக வாயில் திணிப்பார். வாய் நிறைய வெற்றிலையோடு கண்ணால் பதில் சொல்வார், அதையும் நான் பிடித்துவிடுவேன், மறுபக்கம் திரும்பிக்கொள்வார். பக்கத்துக் கொட்டில்காரி, "வெத்திலைக் கொடி ஒண்டு நட்டாத்தான் சரிகா உனக்கு" என்றாள். காலையில் நூறு கேட்காததால் தேவார வீட்டுக்காரருக்கு நேரம் தெரியாமல் போய்விட்டது என்று ஒரு கதை. அக்கா இதற்கெல்லாம் சிரிக்கவில்லை. சாக்கின் முன்னால் மகளோடு குந்தி, இரண்டு இறாலை வைப்பார். காத்திருப்பார். மூன்று வைப்பார். காத்திருப்பார். பிள்ளை ஒன்றிலிருந்து தொடங்கினால் இறாலை எடுத்துவிடுவார். வெயில் ஏறிப் போகும், ஈ மொய்க்கும், வாங்க வந்தவர்கள் அடுத்த சாக்குக்குப் போவார்கள்.

நாலாம் கிழமை என்று நினைக்கிறேன். நானும் பக்கத்தில் இருந்தேன். அக்கா மூன்று இறால் வைத்தார். பிள்ளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இறாலைத் தொட்டு, தள்ளி, மறுபடி சேர்த்தாள். பிறகு "மூண்டு" என்றாள். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. அக்கா இறாலை அள்ளிவிட்டு இரண்டு வைத்தார். "ரெண்டு" என்றாள். மறுபடி மூன்று. "மூண்டு" என்றாள். அக்கா என்னைப் பார்க்காமல், வாயிலிருந்த வெற்றிலையை மண்ணில் துப்பி மூடினார்.

ஆறாம் கிழமை அவளுக்கு ஐந்து வரை இருந்தது. மிஸ் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமை நகரத்துக்குப் போகும் பாலத்தை மூடிவிட்டார்கள். விடிய முன் எங்கோ வெடித்ததாகச் சொன்னார்கள், என்ன என்று கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் ஆமியின் சுற்றிவளைப்பு. ஆம்பிளைகளையெல்லாம் விளையாட்டு மைதானத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். இயக்கத்தின் பிடியிலிருக்கிற கரடியனாற்றுக்காரன் இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டு, என்னை மட்டும் இன்னும் ஏழெட்டுப் பேரோடு வேறாக வைத்தார்கள். அக்கா பிள்ளைக்குத் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, பள்ளிக்கூடத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அதிபர் பதினொரு மணி வரை இருந்துவிட்டு, ஆமி உள்ளே வந்ததும் பூட்டிக்கொண்டு போனார். மிஸ் பாலத்தின் அந்தத் தலையில் ஒன்றரை மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். இதெல்லாம் நான் பிறகு கேட்டது.

என்னை நாலாம் நாள் விட்டார்கள். விட்டவர், இந்தப் பக்கம் இனி கண்டால் நல்லாயிருக்காது என்று சொன்னார். அவர் அக்கறையில் சொன்னாரா மிரட்டினாரா என்று யோசிக்க நிற்கவில்லை. முகாமுக்குப் போய் சுத்தியலை எடுத்துக்கொண்டேன். அக்கா பள்ளிக்கூடத்தின் மற்றத் தவணைக்கு நாள் வாங்கலாம் என்றார். அதுவரைக்கும் நூறு சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினார். நான் பொலன்னறுவைப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்குப் போய்விட்டேன்.

மற்றத் தவணை வரவில்லை. வடக்கேயும் மேற்கேயும் சண்டை மூண்டு, அங்கிருந்த சனம் சட்டி பானையோடு வாவியைக் கடந்து வந்தது. அதில் என் ஊர்ச் சனமும் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்து வகுப்புகளில் குடும்பங்கள் இருந்தன. மிஸ்ஸை அவருடைய மகன் வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதிபருக்கு இடமாற்றம்.

சண்டை எல்லா இடத்திலும் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொல்லி, தெருவில் வெடி கொளுத்தி, பாற்சோறு கொடுத்த கிழமை நான் மன்னம்பிட்டிப் பக்கம் இருந்தேன். எனக்கும் ஒரு கரண்டி பாற்சோறு தந்தார்கள், சாப்பிட்டேன். அதற்கு இரண்டு மாதம் கழித்து மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன். அக்காவுக்குக் கல்வீடு கிடைத்திருந்தது, கடலிலிருந்து தள்ளி, ஒரே மாதிரி வீடுகள் உள்ள வரிசையில். கதவு எந்த வேலைக்காரன் போட்டதோ, அடியில் இரண்டு விரல் போகும்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. உயர்ந்திருந்தாள். என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. முற்றத்தில் சாக்கை விரித்து மீனைக் கொட்டியிருந்தார்கள். அவள் ஒரு மீனை எடுத்து ஒண்டு என்று வைத்தாள். அடுத்ததை எடுத்து ரெண்டு. மூண்டு. பெரியது சின்னது பார்க்கவில்லை. ஒரே குவியலில் பதினாறு வரை போய், கை நின்றது. வாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அக்கா வந்து அந்தக் குவியலைக் கலைத்துத் தானே கூறு வைத்தார். அவர் வைத்த கூறு அவ்வளவு சரியில்லை.

நான் கேட்க முன் அவரே சொன்னார். நான் போய் ஒரு மாதத்தில் ஷெல் விழத் தொடங்கியது. எந்த நேரம் எங்கே ஓட வேண்டி வரும் என்று தெரியாது. சனத்துக்குள் பிள்ளை தவறிவிட்டால். மறுபடி பேர், அப்பா பேர், இலக்கம் என்று தொடங்கினார். தொடங்கினால் நூறும் வந்துவிட்டது. வாய்க்குச் சரியாக வந்ததைக் கைக்கும் சேர்த்துவிடலாம் என்று, மீனை எடுக்க எடுக்கச் சொல்லப் பழக்கினார்.

"நான்தான் தம்பி கெடுத்த" என்றார். இந்த ஒன்றை மட்டும் அவர் நிதானமாக, யாரும் கேட்காமல், தன்னைப் பற்றிச் சொன்னார்.

ஆனால் அவர் விடவில்லை. சண்டை முடிந்துவிட்டது, இனி எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைத்து, போன மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். புது அதிபர், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மூன்றாம் வகுப்பில் எப்படி இருத்துவது என்று கேட்டாராம். அக்கா, படிக்க வேண்டாம், அந்தச் சோதனையை மட்டும் வையுங்கள் என்றிருக்கிறார். பிள்ளைக்குக் கணக்குத் தெரியும் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள், அது போதும். முன்பு எழுதிய தாள் அவர்களிடம் இருக்கிறது, தகுதியில்லை என்று. அது அப்படியே கிடக்கக் கூடாது. அப்படி ஒரு தாள் எங்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

குடும்ப அட்டை வைக்கும் பொலித்தீன் பையிலிருந்து, கொப்பியில் கிழித்த ஒரு வெறும் ஒற்றைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீ எழுது தம்பி. நீ கண்டதுதானே."

நான் எழுதி வருடங்கள் ஆகியிருந்தன. பேனை இரண்டு தரம் வழுக்கியது. முற்றத்தில் பிள்ளை எழுபதில் இருந்தாள். நான் கண்டதை எழுதினேன். இந்தப் பிள்ளை ஏழு வயதில் பதினொரு தகரத்துக்கு ஆணி பிரித்து வைத்தாள், ஒன்றும் பிழைக்கவில்லை. மீன் கூறு வைப்பாள், ஒருவரும் குறை சொன்னதில்லை. ஐந்து இறாலைப் பார்த்து ஐந்து என்பாள். பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை.

கீழே என் பேரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முத்திரை இல்லையே" என்றார்.

இல்லை என்றேன்.

"பேருக்குக் கீழ என்ன படிச்ச எண்டு போடுவாங்க. அதாவது போடு."

நான் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆறு என்று எழுதினால் அந்தத் தாளில் மேலே இருப்பதெல்லாம் என்ன ஆகும் என்று பார்த்தேன். எழுதாமல் விட்டாலும் அதுதான்.

"பத்து" என்றார் அக்கா.

பத்தாம் வகுப்பு என்று எழுதினேன்.